மெந்தாவாய் படகு சர்ஃப் ட்ரிப்: முதல் தடவை போறோம், எந்த மாசம், எந்தப் படகு, என்ன கேக்கணும்?

கரைவிட்டவன்:
வணக்கம் மக்களே. பல வருஷமா பேசிப் பேசியே தள்ளிப்போட்ட விஷயம், இந்தத் தடவை முடிவே பண்ணிட்டோம். ஆறு பேரு, சுமாத்ராவுக்கு மேற்கால இருக்குற மெந்தாவாய் தீவுகளுக்கு, பாடாங்ல படகு ஏறி பத்து நாள், படகுலயே தூங்கி படகுலயே சாப்ட்டு, அலை எங்க நல்லா இருக்கோ அங்க நங்கூரம் போட்டு இறங்கறதுன்னு பிளான். ஆறுல நாலு பேரு ஏழெட்டு வருஷமா போர்டு எடுக்கறவங்க, தலைக்கு மேல அலை வந்தாலும் சமாளிப்பாங்க. ஒருத்தர் நடுத்தரம். இன்னொருத்தன் என் சித்தப்பா பையன், போன வருஷம்தான் ஆரம்பிச்சான், அதுவும் மணல் தரை பீச்ல மட்டும், பவளப்பாறை மேல ஒரு தடவ கூட இறங்குனதில்ல, ஆனா வந்தே தீருவேங்கறான்.

ஜூலைலதான் பெரிய ஸ்வெல், அதாவது தூரத்துக் கடல்ல இருந்து ஓடி வர்ற அலைக்கூட்டம், வரும்னு எல்லாரும் சொல்றதால ஜூலைய யோசிச்சு வச்சிருக்கோம். ரெண்டு படகு பாத்திருக்கோம், ஒண்ணு விலை கம்மி, போட்டோவுல ரெண்டுமே ஒரே மாதிரிதான் தெரியுது. போனவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க, எதுல கவனமா இருக்கணும், எதை நாங்க யோசிக்காம விட்டுருப்போம்?

தெக்கத்தி அலை:
தம்பி, ரெண்டு தடவ மெந்தாவாய் போயிருக்கேன், ஒரு தடவ மாலத்தீவுல தெக்க ஹுவாது அட்டோல் வரைக்கும் சஃபாரி படகுல. நீங்க மாசத்தையும் படகையும் கேக்கறீங்க, நான் மொதல்ல ஆளுங்களப் பத்திச் சொல்றேன், ஏன்னா பத்து நாள் ட்ரிப்ப கெடுக்கறது பெரும்பாலும் அலை கிடையாது, ஆறு பேருக்கு ஆறு லெவல் இருக்கறதுதான். நாலு பேரு ஹாலோ ட்ரீஸ்னு ஒரு கஷ்டமான அலைல இறங்கணும்பான், ரெண்டு பேரு படகுல உக்காந்து வேடிக்கை பாப்பான், மூணாம் நாள் மூஞ்சி தொங்கிடும், நாலாம் நாள் கேப்டன் யாரு பேச்சைக் கேக்கறதுன்னு தெரியாம முழிப்பாரு. இது என் மொத ட்ரிப்ல அப்படியே நடந்துச்சு, பதினஞ்சு வருஷ சிநேகிதம் ஒண்ணு அதோட போச்சு, இன்னிக்கும் மனசு உறுத்துது. அதனால பணம் கட்டறதுக்கு முன்னாடி ஆறு பேரும் ஒண்ணா உக்காந்து, எந்த மாதிரி அலையில யாரு இறங்குவாங்க, யாரு இறங்க மாட்டாங்கன்னு வெக்கப்படாம பேசிடுங்க.

ஜூலை பத்தி: ஏப்ரல்ல இருந்து அக்டோபர் வரைக்கும் சீசன், நடுவுல ஜூன், ஜூலை, ஆகஸ்ட்லதான் பெரிய ஸ்வெல் அதிகம், அது உண்மை. ஆனா அப்பதான் எல்லாப் படகும் அங்க நிக்கும், ரிசார்ட்டும் நிறைஞ்சிருக்கும். உங்க ஆளுங்க லெவலுக்கு ஏப்ரல் கடைசி - மே, இல்லேன்னா செப்டம்பர் கடைசி - அக்டோபர் தான் பொருத்தம்னு நினைக்கறேன். அப்பவும் அலைக்குப் பஞ்சம் கிடையாது, தலை மட்டத்துக்கு சுத்தமா வரும், அதுல அஞ்சு பேரு சந்தோஷமா இறங்கலாம்.

ரீஃப் கீறல்:
குறுக்க பேசறதுக்கு மன்னிச்சுக்கோங்க, படகு எதுக்குன்னே முதல்ல கேளுங்க. பாடாங்ல இருந்து பகல் ஃபாஸ்ட் ஃபெர்ரில சிப்போரா தீவுல இருக்குற துவாபேஜாத்ல இறங்கி, அந்தத் தீவுலயோ சிபெருத் தீவு தெக்குப் பக்கமோ ஒரு கேம்ப்ல தங்குனா, தினமும் சின்ன போட்ல பக்கத்து அலைக்கு கூட்டிட்டுப் போவாங்க. தரையில தூக்கம், காயம்பட்டா நடக்க எடம், புதுசா கத்துக்கற பையனுக்கு ஒரு நாள் லீவு எடுக்க வசதி. படகுல ஒருத்தனுக்கு முடியலேன்னா பத்து நாளும் ஆடிட்டே கிடக்கணும்.

தெக்கத்தி அலை:
நியாயமான பேச்சு, இதை ஒதுக்கித் தள்ளக்கூடாது. ஆனா படகோட பலம் என்னன்னா காத்து. அந்தத் தீவுகள் பூமத்திய ரேகைக்குக் கொஞ்சம் தெக்கதான் இருக்கு, அங்க காத்து ஒரு திசைல நிலையா அடிக்காது, காலையில ஒண்ணு சாயங்காலம் ஒண்ணு. சிப்போரா தெக்கு முனையில காத்தியெத் ஊரு பக்கம் லான்ஸஸ் ரைட்டும் லான்ஸஸ் லெஃப்ட்டும்னு ரெண்டு அலை ஒரே முனையோட ரெண்டு பக்கத்துல இருக்கு, ஒரு பக்கம் காத்து கெடுத்துருச்சுன்னா படகு சுத்தி மறுபக்கம் போய் நிக்கும். இதே மாதிரி ராத்திரியோட ராத்திரியா பகாய் தீவுகள் பக்கம் மகரோனிஸ்ங்கற அலை வரைக்கும் போயிடலாம். கேம்ப்ல இருந்தா அவன் பக்கத்து அலைங்க மட்டும்தான்.

லான்ஸஸ் ரைட்டைத்தான் ஹாலோ ட்ரீஸ்னும் ஹெச்.டீஸ்னும் சொல்றாங்க. 1991-ல ஒரு ஆஸ்திரேலிய சர்ஃபர் போய் இறங்கினதுல இருந்துதான் அது வெளி உலகத்துக்குத் தெரிஞ்சுது, அவரு பேருதான் அலைக்கு நின்னுடுச்சு. அங்க உள்பக்கம் ரீஃப், அதான் பவளப்பாறை, ரொம்ப மேல வர்ற எடத்துக்கு சர்ஜன்ஸ் டேபிள்னு பேரு, ஆபரேஷன் டேபிள். பேரை வச்சே புரிஞ்சுக்கோங்க. உங்க நாலு பேருமே முதல் நாள் அங்க இறங்க வேணாம். மகரோனிஸ்ல ஆரம்பிங்க, எடது பக்கமா ஓடுற அலை, ஒவ்வொண்ணும் அச்சுல வார்த்த மாதிரி வரும், தப்பு பண்ணாலும் கொஞ்சம் மன்னிக்கும். நடுத்தர ஆளுக்கு வடக்க பிளேகிரவுண்ட்ஸ் பக்கம் பர்கர் வேர்ல்ட், ஃபோர் பாப்ஸ் மாதிரி மெதுவான அலைங்க இருக்கு. சித்தப்பா பையன் விஷயத்துக்கு அப்புறம் வரேன்.

உப்புக்காத்து:
ஸ்வெல் பத்தி ஒண்ணு சேத்துக்கறேன், ஏன்னா முதல் ட்ரிப்ல நான் ஃபோர்காஸ்ட் பாத்துப் பாத்து தூக்கத்தைக் கெடுத்துக்கிட்டேன். அங்க வர்ற அலை அங்க பிறக்கறதில்ல, இந்தியப் பெருங்கடல்ல ரொம்ப தெக்க, நாப்பது அம்பது டிகிரி பக்கம் புயல் சுத்துதே, அங்க பிறந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடி வருது. ஸ்வெல் பீரியட், அதாவது ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவுல இருக்கற நேரம், எத்தனை நொடியோ அதை ஒன்றரையால பெருக்குனா அந்தக் கூட்டம் எத்தனை நாட் (கடல்ல வேகத்தை அளக்கற அளவு) வேகத்துல நகருதுன்னு தோராயமா கிடைக்கும். 16 நொடின்னா 24 நாட், ஒரு நாளைக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல. அப்ப அஞ்சாயிரம் கிலோமீட்டர் தள்ளி புயல் அடிச்சா நமக்கு வந்து சேர அஞ்சு நாள் பக்கம் ஆகும். அதனாலதான் அஞ்சு நாள் முன்னாடி ஸ்வெல் ஃபோர்காஸ்ட் ஓரளவு நம்பலாம், அந்த அலை ஏற்கனவே கிளம்பிட்டது. காத்து ஃபோர்காஸ்ட்டை அப்படி நம்ப முடியாது, அதுக்கு கேப்டன் காலையில வெளிய வந்து வானத்தைப் பாக்கறதுதான்.

பொண்ணுங்க யாராச்சும் உங்க குரூப்ல இருந்தாலோ, இதைப் படிக்கற வேற பொண்ணுங்களுக்கோ: கேபின் தனியா தாழ்ப்பாள் போட முடியுமா, பாத்ரூம் எத்தனைன்னு முன்னாடியே கேட்டுடுங்க, கூச்சமே படாதீங்க. கிராமத்துல இறங்கும்போது ஈர ஸ்விம்சூட்டோட அப்படியே போகாம ஒரு சட்டை, முட்டிக்குக் கீழ வர்ற மாதிரி ஏதாச்சும் போட்டுட்டுப் போங்க, ஆம்பளைங்களும்தான்.

வலம்புரி:
நான் அலை ஏறுறவன் இல்ல. எங்க குடும்பமே கடல் தொழில், நான் படகு இன்ஜின் வேலை பாக்கறேன், பத்து வருஷமா பயணிகள் படகுலயும் ஏறி இறங்கறேன். தம்பி "போட்டோவுல ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியுது"ன்னு எழுதினதைப் பாத்துட்டுத்தான் எழுதறேன். படகை டெக்குல பாத்து முடிவு பண்ணாதீங்க தம்பி, கீழ பாருங்க. டெக்குல குஷன் போட்டு போட்டோ எடுக்கறது பெரிய விஷயமில்ல.

கேள்வி கேட்டு எழுத்துல பதில் வாங்குங்க. லைஃப் ஜாக்கெட் ஆளுக்கு ஒண்ணு இருக்கான்னு கேட்டா எல்லாரும் இருக்குன்னுதான் சொல்வான். லைஃப் ராஃப்ட், அதாவது படகு மூழ்கினா ஏறிக்கற மிதவை, இருக்கா, எத்தனை பேருக்கு, கடைசியா எப்ப சர்வீஸ் பண்ணாங்கன்னு கேளுங்க, ராஃப்ட் பெட்டி மேலயே தேதி ஒட்டியிருக்கும், அந்த ஸ்டிக்கரை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. இபெர்ப் இருக்கா, அதாவது தண்ணில விழுந்தா சாட்டிலைட்டுக்கு தானா சிக்னல் விடற கருவி, அதோட பேட்டரிக்கும் காலாவதி தேதி இருக்கு. இன்ஜின் ஒண்ணா ரெண்டா. ஒண்ணுன்னா தப்பில்ல, ஆனா நடுக்கடல்ல நின்னா யாரு வந்து இழுப்பான்னு ஒரு பதில் இருக்கணும். உங்களை அலைக்கு இறக்கிவிடற சின்ன போட், அது எப்பவும் ஆளோட தண்ணில நிக்குமா, இல்ல இறக்கிட்டு படகுக்குப் போய் டீ குடிக்குமா? இது ரொம்ப முக்கியம்.

அப்புறம் தீ. இதை யாரும் கேக்கறதில்ல. 2019 செப்டம்பர் 2, கலிஃபோர்னியா பக்கம் கன்செப்ஷன்னு ஒரு டைவிங் படகு, ராத்திரி எல்லாரும் கீழ்த்தட்டுல தூங்கும்போது தீ பிடிச்சு 34 பேரு செத்தாங்க. கீழ இருந்து மேல வர ரெண்டு வழி இருந்துச்சு தம்பி, படிக்கட்டு ஒண்ணு, அவசரத்துக்கு மேல் மூடி ஒண்ணு. ஆனா ரெண்டு வழியும் ஒரே ரூமுக்குத்தான் போச்சு, அந்த ரூம்தான் எரிஞ்சுட்டிருந்துச்சு. ராத்திரி சுத்தி வந்து பாக்கற ஆளும் இல்ல. அதைப் படிச்ச அன்னிக்கு என்னால சாப்பிட முடியல. அதனால நான் எந்தப் படகுல ஏறினாலும் கேக்கறது ரெண்டே: தூங்கற எடத்துல இருந்து ரெண்டாவது வழி வேற எடத்துல திறக்குதா, ராத்திரி முழிச்சிருக்கற ஆள் யாரு. கேமரா, டிரோன், போன் பேட்டரி எல்லாத்தையும் தூங்கும்போது சார்ஜ்ல போடாதீங்க, பகல்ல கண் முன்னாடி போடுங்க.

கரைவிட்டவன்:
அண்ணா, இதெல்லாம் எங்க பட்டியல்லயே இல்ல, நாங்க ஏசி இருக்கா, போர்டு ரேக் இருக்கான்னுதான் கேட்டிருந்தோம். ரெண்டு படகுக்கும் இன்னிக்கே எழுதறேன், வழி எங்க திறக்குதுன்னு போட்டோவோட கேக்கறேன்.

தெக்கத்தி அலை:
வலம்புரி அண்ணன் சொன்னதுக்கு மேல ஒண்ணு. பாடாங்ல இருந்து தீவு ஏறத்தாழ 150 கிலோமீட்டர், சார்ட்டர் படகு பெரும்பாலும் ராத்திரி கிளம்பி விடியற நேரம் சேரும். அந்த முதல் ராத்திரிதான் எல்லாருக்கும் உற்சாகம், எல்லாருக்கும் குமட்டல். 2013-ல இதே நீரிணையில, இதே மாதிரி சர்ஃப் படகுல போன ஒரு தென்னாப்பிரிக்கர் ராத்திரி வாந்தி எடுக்க தனியா ஓரத்துக்குப் போய் கடல்ல விழுந்துட்டாரு, படகுல யாருக்கும் தெரியல. 28 மணி நேரம் நீந்தியே உயிரோட இருந்தாரு, தேடி வந்த ஒரு ஆஸ்திரேலியப் படகு கண்டுபிடிச்சுது. அதனால எங்க குரூப்ல ஒரு கட்டளை, ராத்திரி ஓரத்துக்குப் போகணும்னா ஒருத்தரை எழுப்பித்தான் போகணும், எழுப்பப்பட்டவன் முணுமுணுக்கவும் கூடாது. வாந்தி வந்தா வாளியில எடு, ஓரத்துக்குப் போகாத.

2023 ஆகஸ்ட்ல அச்சே பக்கம் பான்யாக் தீவுகளுக்குப் போன ஒரு படகு புயல்ல கவுந்தது ஞாபகம் இருக்கும். ரெண்டு ராத்திரி கழிச்சு ஆஸ்திரேலியப் பசங்களை சர்ஃப் போர்டு மேல மிதந்துட்டிருந்தபடியே கண்டுபிடிச்சாங்க. படகு ஆளுங்கள்ல ஒருத்தர் கிடைக்கவே இல்ல, அந்தக் குடும்பத்தை நினைச்சா இப்பவும் கஷ்டமா இருக்கு. படகுக்காரங்களுக்கும் சேத்து லைஃப் ஜாக்கெட் இருக்கான்னு கேளுங்க. நமக்கு மட்டும் கேக்காதீங்க.

மருந்துப் பொட்டி:
நான் நர்ஸ், அலையும் ஏறுவேன், ஒரு தடவ மெந்தாவாய் போயிருக்கேன். மெந்தாவாய்ல மலேரியா இருக்கு, படகுலதான இருக்கோம்னு விட்டுடாதீங்க, டாக்டரைப் பாத்துட்டுப் போங்க. பொதுவா குடுக்கறதுல ரெண்டு பத்திச் சொல்றேன். டாக்ஸிசைக்ளின்: போறதுக்கு ஓரிரு நாள் முன்னாடி ஆரம்பிச்சு தினமும், திரும்பி வந்தும் நாலு வாரம் போடணும், பாதியில நிறுத்தறவங்கதான் அதிகம். அது போட்டா தோல் வெயில்ல ரொம்ப சீக்கிரம் வெந்துடும், பூமத்திய ரேகைல எட்டு மணி நேரம் தண்ணில நிக்கறவங்களுக்கு இது சின்ன விஷயம் இல்ல. அதைப் போட்டுட்டு உடனே படுத்தா நெஞ்சுக்குழாயைப் புண்ணாக்கும், நிறைய தண்ணியோட உக்காந்து போடணும், ஆடற படகுல எல்லாரும் படுத்துக்கிட்டேதான் மாத்திரை போடுவாங்க. இன்னொண்ணு அட்டோவாக்வோன்-புரோகுவானில், அது திரும்பி வந்து ஏழு நாள் போட்டா போதும், விலை கூட. எது உங்களுக்கு ஒத்துக்கும்னு டாக்டர்தான் சொல்லணும்.

ரீஃப் கீறல் எல்லாருக்கும் வரும். எனக்கு மூணாம் நாள் இடது கால் மேல்பக்கம் உள்ளங்கை அகலம் உரிஞ்சுது, பாக்க ஒண்ணுமே இல்லாத மாதிரிதான் இருந்துச்சு, டார்ச் அடிச்சுப் பாத்தா உள்ள வெள்ளைப் பொடி பொடியா பவளம் ஒட்டிக்கிட்டிருந்துச்சு. குடிக்கற தண்ணியை நிறைய ஊத்தி, மெத்துன்னு இருக்கற புது டூத்பிரஷ்ஷால தேய்ச்சு, அதுக்கும் போகாத துணுக்கை ட்வீஸரால எடுத்தேன், கண்ணுல தண்ணி வந்துச்சு, ஆனா அன்னிக்கு சரியா கழுவுனதாலதான் மிச்ச நாள் இறங்க முடிஞ்சுது. கழுவிட்டு போவிடோன் அயோடின். சும்மா மேல பிளாஸ்டர் ஒட்டி மூடிட்டு மறுபடி தண்ணில இறங்குனா உள்ள சீழ் கட்டும். சுத்தி சிவந்து பரவுதா, கோடு மாதிரி மேல ஏறுதா, காய்ச்சல் வருதான்னு தினமும் பாருங்க, அப்படி வந்தா சர்ஃபிங் முடிஞ்சுது, கரைக்கு டாக்டர்கிட்ட போகணும். ஆன்டிபயாடிக் முன்னாடியே டாக்டர்கிட்ட எழுதி வாங்கி எடுத்துட்டுப் போங்க, டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருஷம் ஆச்சுன்னு பாருங்க.

குமட்டல் மாத்திரை வாந்தி ஆரம்பிச்சப்புறம் போட்டா பிரயோஜனம் இல்ல, படகு கிளம்பறதுக்கு முன்னாடியே போடணும். இன்ஷூரன்ஸ்ல ரெண்டு வரி தேடுங்க: சர்ஃபிங் சேத்தியா, அவசர மருத்துவ இடமாற்றம் சேத்தியா. ரெண்டாவது இல்லாம அந்தத் தீவுக்குப் போகாதீங்க, தலையில அடிபட்டா பாடாங் போய்ச் சேரவே பல மணி நேரம்.

உப்புக்காத்து:
சாமான் பத்தி வேகமா: ஆளுக்கு ரெண்டு போர்டு குறைஞ்சது, ஒண்ணு தினசரி, ஒண்ணு கொஞ்சம் நீளமா பெரிய நாளுக்கு. லீஷ் (போர்டைக் காலோட கட்டற கயிறு) மூணு, ஃபின் (போர்டு அடியில மாட்டற துடுப்பு) செட் ரெண்டு, ஃபின் சாவி ரெண்டு தனித்தனி பையில, போர்டு அடிபட்டா ஒட்ட வெயில்ல இறுகற ரெசின் ட்யூப், கால் வழுக்காம போர்டு மேல தேய்க்க வெப்பக் கடலுக்கான கெட்டி வாக்ஸ். ஹெல்மெட் எடுத்துட்டுப் போங்க. ஃபின்னைக் கழட்டி, போர்டு விளிம்பு முழுக்க தண்ணி பைப்புக்கு சுத்தற ஃபோமை நீளவாக்குல கீறி மாட்டி, மூக்கையும் வாலையும் துணியால சுத்தி வைங்க. விமானத்துல எத்தனை அடி வரைக்கும் ஏத்துவாங்கன்னு ஈமெயில்ல பதில் வாங்கி பிரிண்ட் எடுத்துக்கோங்க, கவுண்டர்ல அந்தப் பேப்பர்தான் பேசும்.

ரீஃப் கீறல்:
படகு ஒப்பந்தம் பத்தி என் வயித்தெரிச்சலைச் சொல்லிடறேன். நாங்க ஒரு ஏஜென்ட் மூலமா ஒரு படகுக்குப் பணம் கட்டினோம், துறைமுகத்துக்குப் போனா வேற படகு நிக்குது, "அதே தரம்தான்"னாங்க. ஒப்பந்தத்தை எடுத்துப் பாத்தா "இந்தப் படகு அல்லது அதற்கு இணையான படகு"ன்னு ஒரு வரி. கையெழுத்து போட்டது நாங்கதான். அந்தப் பத்து நாள்ல மூணு நாள் ஜெனரேட்டர் ரிப்பேருக்கே போச்சு. படகு பேரு, கேப்டன் யாருங்கறது, மாத்துனா முழுப் பணமும் திருப்பித் தரணுங்கறது, இது மூணும் எழுத்துல இல்லாம ஒரு காசு அனுப்பாதீங்க. சர்ஃபர் வரி ஒண்ணு 2016-ல இருந்து அங்க வாங்கறாங்க, அது விலையில சேத்தியா இல்லையான்னும் கேளுங்க. ரூபியா கையில காசா வச்சுக்கோங்க.

தெக்கத்தி அலை:
தண்ணில நடந்துக்கற விதம் பத்தி யாரும் சொல்லலையே. ஒரு படகுல இருந்து ஆறு பேரும் ஒரே நேரத்துல குதிச்சு, ஏற்கனவே நாலு பேரு காத்திட்டிருக்கற அலைக்கு போய் நிக்காதீங்க. மூணு மூணு பேரா போங்க. ஊர்ப் பசங்க தண்ணில இருந்தா அவங்க எடுத்தது போகத்தான் நமக்கு, அது அவங்க வீட்டு வாசல். 2010 அக்டோபர்ல நிலநடுக்கம் வந்து சுனாமி பகாய் தீவுகளை அடிச்சப்ப நானூறு பேருக்கு மேல செத்தாங்க, நாம அலை ஏறப் போற அதே கரையோரக் கிராமங்கள்தான். கரையில இருக்கும்போது நிலம் ரொம்ப நேரம் ஆடுச்சுன்னா யாரும் சொல்ல வேணாம், மேட்டுக்கு ஓடுங்க.

சரி, சித்தப்பா பையன். தம்பி, அவனை விட்டுட்டுப் போங்கன்னு சொல்ல மனசு வரல, கூட்டிட்டுப் போங்கன்னும் சொல்ல மாட்டேன். ரீஃப் அலைல விழும்போது மணல்ல விழற மாதிரி காலை ஊனக்கூடாது, தட்டையா விழணும், தலையை ரெண்டு கையால மூடணும், லீஷ் அந்துட்டா நீரோட்டத்தோட சண்டை போடாம சேனல் பக்கம், அதாவது அலை உடையாத ஆழமான பக்கம், நீந்தி போட்டுக்குக் கை காட்டணும். இதெல்லாம் அவனுக்குப் பழக்கமாகணும். ட்ரிப்புக்கு எத்தனை மாசம் இருக்கு?

கரைவிட்டவன்:
மே மாசத்துக்கு மாத்தினா ஏழு மாசம் இருக்கு அண்ணா. இந்த இழையை அப்படியே அவன்கிட்ட காட்டினேன், ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் அவனே கேட்டான், "லீஷ் அந்துட்டா நான் எவ்ளோ தூரம் நீந்தணும்?"னு. எனக்கு பதில் தெரியல.

தெக்கத்தி அலை:
கேட்டானே, அது நல்ல பையன். போர்டு இல்லாம, கண்ணாடி இல்லாம, கரை தொடாம அலை அடிக்கற கடல்லயே அரை மணி நேரம் பதட்டமில்லாம நீந்தட்டும், பக்கத்துல நீங்க இருங்க. ட்ரிப்புக்கு முன்னாடி மெதுவான ரீஃப் அலைல பத்து நாளாச்சும் இறங்கியிருக்கணும். மார்ச்சுக்குள்ள ரெண்டும் ஆச்சுன்னா ஃபோர் பாப்ஸ் மாதிரி எடத்துல கேப்டன் சொல்ற நாள்ல இறங்கட்டும். ஆகலேன்னா அடுத்த வருஷம். அட்வான்ஸ் கட்டும்போதே அவன் எடத்துக்கு வேற ஆள் வரலாம்னு எழுதி வாங்கிடுங்க, அப்பதான் மார்ச்ல பணத்துக்காக முடிவு எடுக்க மாட்டீங்க.

கரைவிட்டவன்:
எல்லாருக்கும் அப்டேட். மே ரெண்டாவது வாரம் முடிவு. ஆறு பேரும் உக்காந்து பேசினோம், நாலு மணி நேரம் ஆச்சு, "ஹெச்.டீஸ்ல பெரிய நாள்ல நான் இறங்க மாட்டேன்"னு முதல்ல சொன்னது எங்கள்ல ரொம்ப நல்லா ஏறுறவர்தான், அவரு சொன்னப்புறம் மத்தவங்களும் வாய் திறந்தாங்க. சித்தப்பா பையன் வாரம் மூணு நாள் நீந்த ஆரம்பிச்சுட்டான், நானும் கூடப் போறேன்.

வலம்புரி அண்ணா, ரெண்டு படகுல இருந்தும் போட்டோ வந்துருச்சு. விலை கூட இருக்கற படகுல கீழ்த்தட்டு மூடி அணியத்துப் பக்கம், அதாவது படகு முன்பக்கம், வெளி டெக்குலயே திறக்குது, ராஃப்ட் ஸ்டிக்கர்ல சர்வீஸ் தேதி இந்த வருஷம். இன்னொண்ணுல ராஃப்ட் போட்டோ அனுப்பவே இல்ல, ரெண்டாவது வழிய மட்டும் அனுப்பியிருக்காங்க. அது சாப்பாட்டு ரூமுக்குள்ளதான் திறக்குது, படிக்கட்டும் அங்கதான் முடியுது, மூடி மேல தண்ணி கேன் நாலு அடுக்கி வச்சிருக்காங்க.

வலம்புரி:
கூட இருக்கற பணத்தைக் கட்டிடுங்க தம்பி. ஏறின உடனே மொத வேலையா ஆறு பேரும் அந்த மூடி வழியா ஒரு தடவ, விளக்கை அணைச்சுட்டு, வெளிய வந்து பாருங்க.